மழைப் பெட்டியில் கிடந்த அடி

பவளம் அன்ரி தமிழ் மன்றத் தலைவரின் மூக்கை உடைத்துவிட்டார் என்று முதலில் சொன்னது அன்ரியின் சொந்தப் புறநகரான ட்ருகனினா. கையால் இல்லை, கதிரையால் என்று திருத்தியது நகரின் மறுபக்கத்துக் கிரெய்கிபர்ன். செய்தி நெடுஞ்சாலையில் ஏறி சிட்னிக்குப் போய் வெஸ்ட்மீட்டில் இறங்கியபோது கதிரை கத்தியாகியிருந்தது. தலைவருக்குத் தையல் போட்ட டாக்டரையே நேரில் தெரிந்தவர்கள் இருவர் அங்கே கிடைத்தார்கள். ஆயுதம் ஊருக்கு ஊர் மாறினாலும் காரணம் மட்டும் மாறவில்லை. சண்டை ஸ்னோவால் வந்ததாம்.

ட்ருகனினாவில் காற்று உண்டு. கன்னத்தில் அறைவதுபோல வீசும். காலையில் கார்க் கண்ணாடியை வங்கி அட்டையால் சுரண்டுகிற அளவுக்கு உறைபனியும் உண்டு. ஆனால் வானத்திலிருந்து பனி கொட்டும் என்று அங்கே வீடு விற்பவர்கள்கூடச் சொன்னதில்லை. ரயில் நிலையம் பக்கத்தில்தான் என்று சொல்லத் துணிந்தவர்கள் அவர்கள். அப்படியிருக்க, ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் இல்லாத பனிக்காக இன்னொருவரின் மூக்கை உடைப்பாரா? வதந்திகளில் வழக்கமாக அடி பொய்யாக இருக்கும், காரணம் உண்மையாக இருக்கும். இதிலும் அப்படித்தான் என்று நம்பி விசாரணையை மூக்கிலிருந்தே தொடங்கினேன்.

மூக்கு வீட்டில்தான் இருந்தது. நடுவில் வெள்ளைக் கட்டு. இரு கண்களுக்கும் கீழே கத்தரிக்காய் நிறம். தலைவர் கௌரிசங்கர் கோயம்புத்தூர்க்காரர். மென்பொருள் திட்ட மேலாளர். தாமதமான எதையும் 'சீக்கிரம் முடிஞ்சிரும்' என்று சொல்லிப் பதினைந்து வருடம் சம்பளம் வாங்கியவர்.

"வழுக்கி விழுந்துட்டேன் சார். கார் பார்க்ல ஐஸ்."

"அன்னைக்குப் பதினோரு டிகிரியாச்சே?"

"எனக்கு வழுக்குச்சு சார். ஒவ்வொருத்தர் ஷூ ஒவ்வொரு மாதிரி."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பத்மாவின் குரல் வந்தது. "மைக்காலதாங்க அடிச்சாங்க. ஹால் முழுக்க ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. 'டொக்'னு."

கௌரிசங்கர் பெருமூச்சு விட முயன்று, வலித்ததால் பாதியில் நிறுத்தினார். "அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல சார். நான் செஞ்சது எடிட்டிங். அதுக்கு இப்படி ஒரு ஃபீட்பேக் வரும்னு எதிர்பார்க்கல."

ஆக, அடி உண்மை. மிச்சமிருந்தது காரணம்.

பவளம் அன்ரியின் வீட்டில் கதவு திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்களும் மூக்கு விசாரிக்க வந்தனீங்களோ? சரி, கதிரையில இருங்கோ. பயப்பிடாதேங்கோ, இதால ஒருத்தரையும் அடிக்கேல்லை."

நல்ல உயரம். வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். குரல் அதட்டலாகத்தான் வரும்; தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாலே செய்த தப்பை ஒப்புக்கொள்ளத் தோன்றும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வன்னிக்கு ஓடி, வன்னிக்குள்ளேயே ஏழு தடவை ஓடி, கடைசியில் கடலால் இந்த நாட்டுக்கு வந்தவர். கணவர் மாத்தளனில் பதுங்குகுழி வாசலில் எறிகணை விழுந்து இறந்துபோனார். அன்ரி அதைப்பற்றிச் சொல்வது இவ்வளவுதான்: "தண்ணி அள்ள வெளிய போனவர். வாளி மட்டும் முழுசாக் கிடந்தது." மகள் மயூரா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. மூக்குச் செய்தி சிட்னி போன வேகத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கே மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரியும்.

அன்ரியின் தொழிலைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

டயர்க் கிடங்குக்கும் உறைந்த இறால் கிடங்குக்கும் நடுவில், பழைய செய்திப் படங்களை விற்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் தியேட்டர்களில் படம் தொடங்குமுன் ஓடிய செய்திச் சுருள்கள், பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துப் பாதியைக் காட்டி மீதியை மறந்த துண்டுகள் எல்லாம் அங்கே பெட்டி பெட்டியாக உண்டு. ஆவணப்படக்காரர்களுக்கும் காப்புறுதி விளம்பரக்காரர்களுக்கும் நொடிக்கு இவ்வளவு என்று விற்பார்கள். மனிதகுலம் இதுவரை செய்த அனைத்தையும் மூன்று அடுக்குகளில் அடக்கி வைத்திருக்கிறார்கள்: போர், வானிலை, பொதுவாழ்வு. குண்டு விழுந்தால் போர். பனி விழுந்தால் வானிலை. அமைச்சர் விழுந்தால் பொதுவாழ்வு.

அன்ரி அங்கே போனது பெட்டி தூக்க. ஆள் அனுப்பும் ஏஜென்சி அப்படித்தான் அனுப்பியது. படங்களைப் பார்த்துப் பார்த்து விவரம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அதே வாரம் வேலையை விட்டு ஓடிவிட்டார்; பிணங்கள் கனவில் வருகின்றனவாம். மேலாளர் கவலையோடு கிடங்குக்குள் வந்து, செத்த உடம்புகளைப் பார்க்கக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். அன்ரி கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார்: "சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?"

அன்றே வேலை உறுதியானது.

வேலையின் சட்டம் ஒன்றே ஒன்று. கண்ணுக்குத் தெரிவதை எழுது. உனக்குத் தெரிந்ததை எழுதாதே. ஒருவன் அழுதால் 'ஆண், அழுகிறார்' என்று எழுத வேண்டும். ஏன் அழுகிறார் என்பது வாங்குபவர் தீர்மானிப்பது. அன்ரிக்கு இது வசதியாக இருந்தது. காலையில் பனிக்காலப் போர்முனை ஒன்று ஓடும். உறைந்துபோன சிப்பாய்களை விறகுபோல லொறியில் அடுக்குவார்கள். ஒருவனுடைய கை மடங்காததால் காலால் மிதித்து மடக்குவார்கள். பின்னணியில் துள்ளல் வாத்தியம். நம் பையன்களுக்குக் குளிரெல்லாம் பொருட்டே இல்லை என்று மூக்கால் பேசும் ஒரு குரல். அடுத்த துண்டில் பிரமுகர் ஒருவர் உறைந்த ஏரியின் மேல் சறுக்கி விழுவார். அதே குரல், அதே வாத்தியம். அன்ரி இடியப்பத்தைச் சொதியில் தோய்த்தபடி எழுதிக்கொண்டே போவார்.

"செத்தவை பிரச்சினையில்லை. அந்த பாண்ட் வாத்தியம்தான் கோவம். செத்த வீட்டிலகூட நாங்கள் பறைக்கு ஒரு நேரம் வைச்சிருக்கிறம். இவங்கள் பிணம் ஏத்தேக்கயும் கலியாண ஊர்வலம் மாதிரி அடிக்கிறாங்கள்."

அந்த மூக்கால் பேசும் குரலிலிருந்துதான் அன்ரி ஆங்கிலம் கற்றார். அதனால் இன்றும் எண்பது வருடத்துக்கு முந்திய அறிவிப்பாளர்போலத்தான் பேசுவார். விசா அலுவலகத்தில் பத்து வருடக் காத்திருப்புக்குப் பிறகு நிரந்தர வதிவிடம் கிடைத்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைப் பார்த்து அவர் சொன்னது, "எ ஸ்பிளெண்டிட் எஃபர்ட், மை டியர்! கேரி ஆன்!" அந்தப் பெண் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

போன குளிர்காலத்தில் அவருக்கு வானிலை அடுக்கைக் கொடுத்தார்கள். பனி, ஆலங்கட்டி, வெள்ளம். அதில் 'கனமழை, ஆசியா' என்று எழுதிய பெட்டி ஒன்று. யாரோ ஒரு பழைய ஊழியர் திறந்து பார்த்திருக்கிறார், மழை பெய்தது, வானிலையில் வைத்துவிட்டார். சட்டப்படி சரி.

அதற்குள்ளிருந்து 1995 ஐப்பசி மாதத்து நாவற்குழிப் பாலம் வெளியே வந்தது. ராணுவம் நெருங்குகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்து, விடிந்தும் நடந்து முடியாமல் அந்தப் பாலத்தில் நெரிந்த நாள். யாரோ வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர் எடுத்த துண்டு, சத்தம் இல்லை. அன்ரி எனக்கும் போட்டுக் காட்டினார்.

மழை. பாலம் தெரியவில்லை, தலைகள்தான் தெரிகின்றன. சைக்கிள் மேல் கட்டிவைக்கப்பட்ட கிழவர் ஒருவர் வாயைத் திறந்து மழை குடிக்கிறார். ஒரு ஆடு தூக்கப்படுகிறது, பிறகு காணவில்லை. முழங்கையால் முகங்களை இடித்து வழியெடுக்கிறார்கள். இடது ஓரமாக ஒரு இளம்பெண் வருகிறாள், இடுப்பில் பிள்ளை, பிள்ளையின் ஒரு கால் பாலத்தின் கம்பிக்கு வெளியே தொங்குகிறது. ஒரு ஆணின் கை அந்தக் காலைப் பிடித்திருக்கிறது. பெண் திரும்புகிறாள். அவள் கையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இரும்புப் பம்ப். அது மேலே போய் அவன் தலையில் இறங்குகிறது. மறுபடியும். அவன் முகம் கேமரா பக்கம் திரும்புகிறது. ஒரு கணம் நன்றாகவே தெரிகிறது. மறுபடியும். முகம் கீழே போய்விடுகிறது. அந்த இடத்தைச் சனம் மூடுகிறது. சாமான் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று அதே இடத்தில் வந்து, ஒரு பக்கச் சில்லு எதன் மேலோ ஏறி, இறங்கிப் போகிறது. கேமரா விலகித் தண்ணீரைக் காட்டுகிறது.

"அந்தப் பெட்டை நான். இடுப்பில மயூரா. சைக்கிள் என்ர மனுசனோட முன்னால போயிட்டுது, பம்ப் மட்டும் என்ர கையில." அன்ரி படத்தைப் பின்னால் ஓட்டி, சில்லு ஏறும் இடத்தில் நிறுத்தினார். "பிள்ளையை இழுத்து விழுத்திப்போட்டு முன்னால போகப் பாக்கிறான் எண்டு நினைச்சன். அடிச்சன். திரும்பிப் பாக்கேல்லை. இவ்வளவு நாளும் அதோட சரி. இப்ப இது கிடைச்சிருக்கு. இதில ஏறுது பாருங்கோ, சில்லு. இது மூட்டையில ஏறுதோ, ஆளில ஏறுதோ? மூட்டையெண்டால் நான் ஒருத்தனை அடிச்சவள். ஆளெண்டால்..."

அவர் படத்தை மறுபடியும் பின்னால் ஓட்டினார். 

"எனக்கு அது தெரிய வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

மகளிடம் தொலைபேசியில் காட்டியிருக்கிறார். மயூரா பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு மூண்டு வயசு. ஐ ரிமெம்பர் நத்திங். லீவ் இட், ப்ளீஸ்" என்று சொல்லியிருக்கிறார். அன்ரி லீவ் இட் செய்யும் வகை இல்லை. மேலாளரிடம் அனுமதி வாங்கி, அந்தத் துண்டை மன்றத்தின் குளிர்கால ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோனார். நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் முந்நூறு பேராவது ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். முகம் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, இவர் யார், இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கேட்பது. அவ்வளவுதான் திட்டம்.

"கண்டிப்பா போடலாம் ஆன்ட்டி" என்றார் கௌரிசங்கர். பிறகு மன்றக் குழு படத்தைப் பார்த்தது. மன்றக் குழு எதையாவது பார்த்தால் அது பார்த்தபடி வெளியே வராது.

அவர் தரப்பை அவரே சொல்லட்டும்: "சார், கவுன்சிலரைக் கூப்பிட்டிருந்தோம். நம்ம ஆளுங்களே நம்ம ஆளை மண்டையில போடறதை அவங்க முன்னாடி காட்டணுமா? சோகம்னா சோகமாத்தான இருக்கணும்? அதனால அந்த அடியை மட்டும் எடுத்தோம். எடுத்ததும் படம் சின்னதாயிருச்சு. புரோகிராம்ல நாலு நிமிஷம் போட்டாச்சு. இன்டர்நெட்ல தேடினேன். அகதிகள், நடை, போர்... ஒரு பழைய நியூஸ் ரீல் கிடைச்சது. கறுப்பு வெள்ளை. நம்மளதையும் கறுப்பு வெள்ளையாக்கிட்டேன். மேல வயலின். மேட்ச் ஆச்சு சார். சூப்பரா மேட்ச் ஆச்சு."

மேட்ச் ஆனதில் சந்தேகமில்லை. மண்டபத்தில் விளக்கணைத்துப் படம் ஓடியபோது, மழையில் நடந்த சனம் ஒரு வெட்டில் மூட்டைகளோடு வேறெங்கோ நடக்கத் தொடங்கியதை முந்நூறு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கண்ணில் நீர் நிற்கும்போது எல்லாப் பிரதியும் தேய்ந்த பிரதிதான். வெள்ளையாகக் கொட்டியதை மழை என்றார்கள், சாம்பல் என்றார்கள், படச்சுருளின் கீறல் என்றார்கள். கிரெய்கிபர்னிலிருந்து வந்திருந்த சிறிதரன், அறுபது வயதுக்காரர், மளிகைக் கடைகளுக்கு மீன் போடுபவர், நடு வரிசையில் எழும்பி நின்றுவிட்டார். தலையில் துணி சுற்றி மூட்டை சுமந்துபோன ஒரு பெண்ணைக் காட்டி, "ஐயோ, அது எங்கட மாமி! நீர்வேலி மாமி!" என்று கதறினார். பக்கத்திலிருந்தவர்களும் மாமியை அடையாளம் கண்டார்கள். ஒருவர் மாமியின் நடையையே தெரியும் என்றார்.

அப்போது மாமிக்குப் பின்னால், சில்லே இல்லாத வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு, மூக்கிலிருந்து புகை விட்டபடி இரண்டு குதிரைகள் வந்தன.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அண்ணை, நீர்வேலியில எப்ப ஸ்னோவில சறுக்குவண்டி விட்டவை?"

சிரிப்பு வெடித்தது. அழுத கண்ணோடு சிரிப்பவர்களைப் பார்ப்பதுபோல் எரிச்சல் வேறில்லை. சிறிதரன் வரிசைகளைத் தாண்டிப் பின்னால் போய், குரல் வந்த வாயில் குத்தினார். வாய்க்குச் சொந்தக்காரரின் மைத்துனர் சிறிதரனின் கழுத்தைப் பிடித்தார்.

ஸ்னோ சண்டை என்பது இதுதான். இதற்கும் அன்ரிக்கும் சம்பந்தமில்லை. அவர் ஏற்கெனவே மேடையில் ஏறிவிட்டிருந்தார்.

"ஸ்னோ கிடக்கட்டும். என்ர துண்டு எங்கை?" என்று மைக்கில் கேட்டார். மண்டபம் முழுவதும் கேட்டது.

"ஆன்ட்டி, அது டைமிங் இஷ்யூ. உக்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்." கௌரிசங்கர் மைக்கை வாங்குவதற்காக, முதலில் அவருடைய வெறுங்கையைப் பிடித்தார்.

பத்மா சொன்ன 'டொக்' அப்போது கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு மனிதர் மேடையிலிருந்து விழும் சத்தமும், "வெல் டன்!" என்று அன்ரி சொன்னதும் ஒலிபெருக்கியில் தெளிவாகவே வந்தன. அன்ரி இதை மறுக்கவில்லை. "கையைப் பிடிச்சவர். என்னைப் பிடிச்சால் என்ர மற்றக் கை தானாப் போகும். என்ன செய்ய?"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. தலைவரைக் காப்பாற்ற ஓடிய இந்தியத் தமிழர்கள், அன்ரியைக் காப்பாற்ற ஓடிய இலங்கைத் தமிழர்களின் மேல் மோதினார்கள். இது ஒரு நிமிடம்தான் ஒழுங்காக நடந்தது. பிறகு நாடுகள் கலைந்து, போன வருடம் நடனப் போட்டியில் பிள்ளைக்கு மூன்றாம் பரிசு கொடுத்தவர், கோயில் தரிப்பிடத்தில் காரை மறித்தவர், சம்பந்தியாகச் சம்மதிக்காதவர் என்று அவரவர் ஆளைத் தேடிப் போனார்கள். கொத்துரொட்டித் தட்டகப்பையால் ஒருவரின் காது கிழிந்தது. ஒரு பல் ஒலிப்பெட்டிக்கு அடியில் கிடைத்தது. இன்றுவரை உரிமை கோரப்படவில்லை. காஸ் ஹீட்டர் மேல் தள்ளப்பட்டவரின் கோட் கருகிய நாற்றமும் குருமா மணமும் கலந்தன. கவுன்சிலர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வடைகளோடு பத்திரமாக இருந்தார்.

இந்த நேரத்தில் பத்மா செய்த காரியம் ஒன்று உண்டு. கணவர் தரையில், மூக்கைப் பொத்தியபடி. பத்மா அவரைத் தாண்டிப்போய் மடிக்கணினியில் உட்கார்ந்து, வெட்டாத படத்தைத் தேடி எடுத்து ஓடவிட்டார். "நான் வீட்லயே சொன்னேன், அந்தம்மா கேட்டது வேற, நீங்க செய்றது வேறன்னு. அவர் கேக்கல. இப்ப அவரால பேச முடியல, சரி போட்டுரலாம்னு போட்டேன்."

திரையில் பாலம். திரைக்கு முன்னாலும் பாலம்தான். மேலே முழங்கையால் முகங்களை இடித்தார்கள், கீழேயும் இடித்தார்கள். மேலே பம்ப் எழும்பியபோது கீழே மூன்று நான்கு கதிரைகள் எழும்பியிருந்தன. வயலின் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. முதல் அடி விழுந்ததை முன்வரிசை பார்த்தது. இரண்டாவதைப் பாதி மண்டபம் பார்த்தது. முகம் திரும்பியபோது பத்மா நிறுத்தினார்.

சனம் நின்றுவிட்டது. தங்களைத் தாங்களே திரையில் பார்த்த கூச்சம் என்று ஒருவர் எனக்கு விளக்கினார். அவர் அடுத்தவரின் தலைமயிரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாராம்.

சிறிதரன் ஒரு கதிரையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். மெல்ல இறக்கி, அதையே விரித்துப் போட்டு அமர்ந்தார்.

"அது நான்" என்றார்.

பொலிஸ் வந்தபோது மண்டபத்தில் கதிரைகள் வரிசையாக இருந்தன. மூக்குக்கு என்ன என்று கேட்டார்கள். வழுக்கி விழுந்தார், ஐஸ் என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒன்றுகூடல் ஒன்றில் தமிழர் ஒன்றுகூடியதைக் காண விரும்புகிறவர்கள் அந்தக் காட்சியைத் தவறவிட்டார்கள். வெளியே காய்ந்து கிடந்த தரையைப் பார்த்துவிட்டுப் பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். திரையில் கொட்டிய ஸ்னோவும் இந்த ஐஸும் கலந்துதான் காரணம் ஸ்னோ என்று ஊர்கள் பேசத் தொடங்கின என்பது என் ஊகம்.

இனி சிறிதரன். அவரைக் கிரெய்கிபர்னில் அவர் வீட்டுக் கராஜில், மீன் பெட்டிகளுக்கு நடுவில் சந்தித்தேன். பல ஊசிபோன்ற கேள்விகளை யோசித்து வைத்திருந்தேன். நீர்வேலி மாமியைப் பனிக்குள் கண்டுபிடித்தவர், தன்னை மழைக்குள் கண்டுபிடித்திருக்கிறார், எவ்வளவு நம்பலாம்?

அவருக்கும் அது தெரிந்திருந்தது. "மாமி பிழைதான். மாமி தொண்ணூறிலயே செத்துப்போனா. அதை நான் அந்த நேரம் மறந்துபோனன். ஆனா இது பிழையில்லை. இஞ்ச தொட்டுப் பாருங்கோ." இடது காதுக்கு மேல் முடிக்குள் ஒரு பள்ளம். விரல் நுனி வைக்கலாம். "மற்றது இந்தக் கால். சில்லு ஏறினது துடையில." அவர் நொண்டுவதற்குப் பட்மின்ரன் ஆட்டம்தான் காரணம் என்று கிரெய்கிபர்ன் இதுவரை நம்பியிருந்தது. அந்தக் கதையைப் பரப்பியவரும் அவர்தான்.

"ஏன் பிள்ளையின்ர காலைப் பிடிச்சனீங்கள்?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன்.

"விழப் போனது. கம்பிக்கு வெளிய கால் போயிட்டுது, கீழ தண்ணி. பிடிச்சனான். அதுக்குத்தான் எனக்குப் பம்பால பூசை." மீன் பெட்டி ஒன்றை மூடிவிட்டு, "அப்பிடித்தான் ஞாபகம்" என்றார்.

நான் அந்தத் துண்டைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கை காலைப் பிடித்திருக்கிறது. இழுக்கிறதா, தாங்குகிறதா என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் சத்தியம் செய்ய என்னால் முடியும். திங்கட்கிழமை பார்த்தால் அவன் காப்பாற்றுகிறான். செவ்வாய்க்கிழமை பார்த்தால் தள்ளுகிறான். நிறுவனத்தின் சட்டப்படி அன்ரி எழுதியிருப்பது: 'ஆண், குழந்தையின் காலைப் பிடித்திருக்கிறார். பெண், ஆணை அடிக்கிறார். மழை.' இந்த முறை அதைப் போர் அடுக்கில் வைத்தார்.

மயூரா சிட்னியிலிருந்து பறந்து வந்து, தாயோடு அந்தக் கராஜுக்குப் போனார். தாதியின் விரல்களால் சிறிதரனின் பள்ளத்தை அழுத்திப் பார்த்தார்.

"குட் பி எ பம்ப்" என்றார். "குட் பி எ டோர். அங்கிள், இது எதுவாவும் இருக்கலாம்."

"எங்கட ஆக்களில மண்டையில பள்ளம் இல்லாதவன் ஆர்?" என்றார் அன்ரி. சந்தேகத்தை மகளுக்கு முன்பே பட்டுத் தீர்த்துவிட்டிருந்தார். "ஒருத்தன் உயிரோட வந்து, நான்தான் அது எண்டு சொல்லுறான். இல்லை, நீ செத்துப்போனாய் எண்டு சொல்லி அனுப்பவோ?"

பிறகு நடந்ததை அன்ரியும் மயூராவும் அநேகமாக ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள், அதனால் நம்பலாம்.

அன்ரி சிறிதரனுக்கு முன்னால் போய் நின்றார். "மன்னிப்புக் கேக்கமாட்டன். நீர் பிடிச்சீரோ இழுத்தீரோ எனக்குத் தெரியாது. உமக்கும் வடிவாத் தெரியேல்லை. ஆனா பிடிச்சதுதான் எண்டால் அந்த அடி உமக்கு வர வேண்டிய அடியில்லை. திருப்பித் தாரும். அடியும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன்."

"அம்மா!" என்றார் மயூரா.

"நீ சும்மா இரு. இது எங்கட."

சிறிதரன் எழும்பினார். நல்ல அகலமான உள்ளங்கை. காலையிலிருந்து ஐஸுக்குள் பாரை மீன் எடுத்த கை. அதைத் தோள்வரை உயர்த்தினார். அன்ரி கண்ணை மூடவில்லை. மயூரா நடுவில் பாய்வதற்குத் தயாராக ஒரு மீன் பெட்டி மூடியைக் கையில் எடுத்திருந்தார். இந்தக் குடும்பத்தில் கைக்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடுகிறது. கை அங்கேயே நின்றது.   கையை இறக்கி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப ஏலாது அக்கா. கை விறைச்சுப்போச்சு. விறைச்ச கையால அடிச்சால் எனக்குத்தான் நோகும்."

"அப்ப விடுறீரோ?"

"விடேல்லை. ஏன் விட வேணும்? முப்பது வருசமா என்ர மண்டையில கிடக்கு. அது என்ர. ஒருநாளைக்கு அடிப்பன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்கிறார் மயூரா. சிரிக்கவில்லை என்கிறார் அன்ரி. திரும்பி வரும்போது சிறிதரன் இரண்டு கிலோ பாரை கட்டிக்கொடுத்தார். அன்ரி வாங்கிக்கொண்டார், அந்த அடியையும் இந்த மீனையும் ஒன்றாகப் போட்டுக் கழிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினார்.

அதற்குப் பிறகு குளிர் போய்விட்டது. கௌரிசங்கரின் மூக்கு சற்று இடது பக்கம் பார்த்தாலும் மூக்காகவே தொடர்கிறது. மன்றக் கூட்டங்களில் மைக்கை இப்போது மேசையோடு கட்டி வைக்கிறார்கள். அன்ரி மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கிரெய்கிபர்னுக்கு மீன் வாங்கப் போகிறார். ட்ருகனினாவில் மீன் கிடைக்காமல் இல்லை. கைப்பையை மகளின் பழைய காரிலேயே விட்டுவிட்டு, கராஜுக்குள் நுழைந்ததும் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இண்டைக்கோ?" என்று கேட்கிறார்.

"இண்டைக்கு நல்ல விளைமீன் வந்திருக்கு அக்கா" என்கிறார் சிறிதரன், தராசைப் பார்த்தபடி.